தண்ணீருக்கும் காசநோய் கண்ட கருவி

இதை எழுத வேண்டும் என்று பேனாவை எடுப்பதும், எடுத்த பேனாவைச் சாமிப் படத்துக்குப் பின்னால் மறுபடி செருகி வைப்பதுமாகவே எனக்குப் பல வருஷம் போய்விட்டது. பயம் இரண்டு. எங்கள் மாரியம்மாளின் குங்குமத்தைப் பற்றி எழுத வேண்டும். பிரசாதத்தைக் குறை சொன்னவன் என்று தோட்டம் பேசும். தோட்டம் பேசுவது கிடக்கட்டும், தாய் என்ன நினைப்பாள்? அடுத்தது, எங்கள் வீட்டுக்குள் வந்துபோன வியாதியின் பெயரைச் சொல்ல வேண்டும். பெண்பிள்ளை இருக்கிற வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னால், சம்பந்தம் பேச வருகிறவர்கள் தேத்தண்ணீரைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விடுவார்கள்.

அந்தப் பெண்பிள்ளையே இப்போது வளர்ந்து நின்று, “எழுதுங்கப்பா. டீத்தண்ணி குடிக்காதவன் நமக்கு வேணாம்” என்று சொல்லிவிட்டாள். அம்மாளிடமும் பூக்கட்டி வைத்துக் கேட்டேன். சம்மதம் என்று வெள்ளைப் பூ வந்தது. ஏழாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், இறம்பொடைக்கு மேலே இருக்கிறது. சண்டை கொஞ்சம் ஓய்ந்து, கொழும்புப் பாதையில் பஸ்ஸை நிறுத்தி இறக்கிச் சோதிப்பது குறைந்திருந்த காலம் அது. நான் ஸ்டோரில், அதாவது தேயிலைப் பேக்டரியில், சல்லடைக் காம்பராவில் வேலை செய்தேன். தேயிலையைச் சலிக்கிற அறை, தூள் பறக்கிற இடம். எனக்கு வருஷக்கணக்காக இருமல் உண்டு. சல்லடைக் காம்பராவில் எவனாவது இருமாமல் இருந்தால் அவனைத்தான் டிஸ்பென்சரிக்கு அனுப்ப வேண்டும் என்று நாங்களே சொல்லிச் சிரிப்போம். வீட்டுக்காரி மலையில் கொழுந்து பறித்தாள். நாங்கள் பல வருஷம் நேர்ந்து, நல்லதண்ணி வழியாகச் சிவன் பாதம் பதிந்த மலையில் ஏறி வணங்கி, கடைசியில் பிறந்த பிள்ளைக்கு அப்போது முகம் பார்த்துச் சிரிக்கிற பருவம். பகலில் பிள்ளை மடுவத்தில் இருப்பாள். தோட்டத்துக் கைப்பிள்ளைகளை எல்லாம் ஆயா பார்த்துக்கொள்கிற இடம் அது. பால் குடுக்கிற தாய்மார் இடையில் மலையிலிருந்து இறங்கி வந்து, பிள்ளையைப் பசியாற்றிவிட்டு ஏறிப் போவார்கள்.

அப்படி இருக்கையில்தான் ஒருநாள் பெரட்டுக் களத்தில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, தோட்டத்து மானேஜர், பெரிய துரை வந்து நின்றார்.

“நம்ம தோட்டத்துக்கு ஒரு மெசின் வருது. வெளிநாட்டு மெசின். ஒரு துளி போட்டா போதும், டீபி இருக்கா இல்லையா சொல்லும். இலங்கையில இந்த ஒரு தோட்டம்தான். வெளங்குதா?”

எங்களுக்கு விளங்கியது ஒன்றுதான். நாங்கள் குடியிருக்கிற லயத்துக் கூரை ஒழுகுவதைப் பார்க்க வராதவர்கள், எங்கள் கோழையைப் பார்க்கக் கடல் தாண்டி வருகிறார்கள்.

வேனில் வந்து இறங்கியது பிஸ்கட் டின் அளவில் ஒரு பெட்டி. கூட வந்தவர் ஒரு டாக்டர். யாழ்ப்பாணத்துக்காரர், வெளிநாட்டில் படித்தவர். நெற்றியில் திருநீற்றுக் குறி. அதைப் பார்த்ததுமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. டிஸ்பென்சரி வாசலில் எங்களை உட்கார வைத்து அவரே விளக்கினார். எங்களை மனுசராக மதித்து விளக்கம் சொன்ன முதல் டாக்டர் அவர்தான் என்பதையும் சொல்ல வேண்டும். பின்னால் அவரைக் கொஞ்சம் இடிக்கப்போகிறேன், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் தகட்டைத் தூக்கிக் காட்டினார். கண்ணாடி மாதிரி இருந்தது.

“இஞ்சை பாருங்கோ. இதுக்குள்ளை வாய்க்கால் ஓடுது. தலைமயிரிலும் மெல்லிசு. சளியிலை ஒரு சொட்டுப் போதும். அது இந்த வாய்க்கால் வழியா ஓடும்.”

எனக்கு எங்கள் மலைதான் ஞாபகம் வந்தது. மழைத்தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு போகாமல் இருக்க, மலை முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் கான் வெட்டி வைத்திருப்போம். அந்த மலையையும் கானையும் அப்படியே சுருக்கித் தீப்பெட்டிக்குள் வைத்த மாதிரி இருந்தது. பரமசிவன் படைத்த மயிருக்குள் மனுசன் கான் வெட்டுகிறானே என்று கும்பிடத் தோன்றியது.

“ஒவ்வொரு உயிருக்கும் உள்ளை ஒரு நூல் இருக்கு. தாய் தகப்பனிட்டை இருந்து வாற நூல். கிருமிக்கும் இருக்கு. அந்த நூல் கண்ணுக்குத் தெரியாது. இந்தப் பெட்டி என்ன செய்யுமெண்டா, சூடாக்கும், ஆறவிடும், திரும்பச் சூடாக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் இரண்டாகும், இரண்டு நாலாகும், நாலு எட்டாகும். நூலிலை எழுதியிருக்கிற ஒரு எழுத்தும் மாறாது. கனக்கச் சேர்ந்தாப் பிறகு ஒரு வெளிச்சம் அடிச்சுப் பார்த்தா மினுங்கும். மினுங்கினாக் கிருமி இருக்கு. மினுங்காட்டி இல்லை. அவ்வளவுதான்.”

பின்னால் உட்கார்ந்திருந்த கங்காணி வீட்டுப் பெரியம்மா சும்மா இருக்கவில்லை.

“நம்ம பீலியடியில தண்ணி புடிக்கையில ஒரு சேதி போட்டா கடேசிக் காம்பராவுக்குப் போறதுக்குள்ள நூறா ஆயிருது. இதுக்கு என்னாத்துக்கு மெசினு?”

“அதுல எழுத்து மாறும் ஆத்தா. இதுல மாறாதாம்” என்றேன் நான்.

டாக்டர் சிரித்துவிட்டார். “சரியாச் சொன்னியள்” என்றார்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். எங்கள் ஆட்கள் எந்த இரும்பையும் சும்மா தொட மாட்டார்கள். ஸ்டோருக்குப் புது ரோலர் வந்தாலும், கொழுந்து லொறி வந்தாலும், மாவரைக்கிற மிஷின் வந்தாலும் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் வெட்டித்தான் முதல் சுற்று. துரைமார் சிங்களவராக இருந்தாலும் இதில் ஒரு குறையும் வைக்க மாட்டார்கள். பூசை போடாத மிஷினில் கை போனால் சனம் தங்கள் பேரில் பாய்வார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். படம் பிடிக்கிற ஆளும் வந்திருந்ததால் துரைக்குச் சந்தோஷம் இன்னும் கூடியிருந்தது.

“எங்க பூசாரி? பூசை செய்யணும். நல்லா செய்யணும்.”

பூசாரி தட்டோடு வந்தார். பெட்டியின் மூடியில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தார். அந்தக் குங்குமம் டவுனில் பைக்கட்டில் விற்கிற குங்குமம். மஞ்சளில் செய்தது இல்லை. வேட்டியில் பட்டால் எத்தனை வெளுப்புப் போட்டாலும் போகாத, சாயம் கலந்த, கண்ணைப் பறிக்கிற சிவப்பு. ஓரத்தில் இரண்டு பொட்டு வைத்துவிட்டு நிறுத்தப் போனார். டாக்டர்தான் கையைக் கூப்பிக்கொண்டே, “நடுவிலையும் ஒண்டு வையுங்கோ ஐயா” என்றார். மூடியின் நடுவில், தகட்டைச் செருகுகிற வாய்க்கு நேர் மேலே, எட்டணாக் காசு அளவில் பூசாரி ஒன்று வைத்தார். துரை கை தட்டினார். படம் பிடித்தார்கள். சூடம் காட்டினோம். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

முதலில் பார்த்தது பிள்ளை மடுவத்துக்கு வந்து போகிற தாய்மாரைத்தான். பிள்ளைகளுக்கு ஒட்டிவிடக் கூடாதாம். ஸ்டோர் ஆட்களைக் கடைசியில் பார்ப்பதாகச் சொன்னார்கள். சின்னச் சின்னப் போத்தல் குடுத்து, நெஞ்சிலிருந்து காறித் துப்பச் சொன்னார்கள். வாழ்நாள் முழுக்க ஆம்பிளைகள் முன்னால் துப்பாமல் வளர்ந்த பெண்கள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்துக்கொண்டு துப்பினார்கள்.

மினுங்கியது.

முதல் பெண்ணுக்கு மினுங்கியது. இரண்டாவது பெண்ணுக்கு மினுங்கியது. என் வீட்டுக்காரிக்கும் மினுங்கியது. அன்றைக்கு வாய் திறந்தவர்களில் மினுங்காதவள் ஒருத்தி இல்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு தராசு, வைத்ததெல்லாம் ஒரே நிறை என்று காட்டினால் நாம் என்ன செய்வோம்? தராசைத் தட்டிப் பார்ப்போம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் எங்கள் பெண்கள் அதைத்தான் செய்வார்கள். இங்கே ஒருவரும் அந்தப் பெட்டியைத் தட்டிப் பார்க்கவில்லை. ஏன் தெரியுமா? ஒருவருக்கும் ஆச்சரியமாக இல்லை. லயத்துச் சனம். ஒரு காம்பராவில் ஏழு பேர். இருக்கத்தான் செய்யும்.

கண்டாக்கையா, அதாவது மலை வேலைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார். “எனக்கு அப்பவே தெரியும். அங்கன போய் நின்னாலே மூச்சு முட்டும். மெசின் வந்துதான் சொல்லணுமாக்கும்?”

அடுத்த நாள் இன்னும் வேடிக்கை. ஒவ்வொரு காலையும் வெறும் தண்ணீரை ஒரு தகட்டில் விட்டுப் பார்க்க வேண்டுமாம். தண்ணீர் மினுங்காவிட்டால்தான் பெட்டி சரி என்று அர்த்தமாம். முதல் நாள் பூசைக்கு முன்னாலேயே பார்த்துவிட்டார்கள், மினுங்கவில்லை. இரண்டாம் நாள் கொழும்பிலிருந்து கொண்டு வந்த சுத்தத் தண்ணீர் முடிந்து போனதால், டிஸ்பென்சரிக் குழாயில் வருகிற பீலித் தண்ணீரைப் பிடித்து விட்டுப் பார்த்தார்கள். தண்ணீரும் மினுங்கியது.

பெட்டி பிழை என்று சொன்னார்களா? இல்லை. எங்கள் தண்ணீர் பிழை என்றார்கள். எங்கள் பீலிக்கும் காசநோய் வந்துவிட்டது. அன்றைக்கே பீலியை அடைத்தார்கள். பாவம் அந்தத் தண்ணீர், அது ஒரு நாள்கூட இருமிக் கேட்டதில்லை. பெண்கள் ஆற்றோரம் வரை இறங்கி, குடத்தில் மொண்டு ஏறினார்கள். டாக்டர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு, “தண்ணியிலை இது வாறதில்லையே” என்று ஒருமுறை சொன்னார். துரை அவரைப் பார்த்தார். டாக்டர் மறுபடி சொல்லவில்லை.

துரையின் கட்டளை பெரட்டில் வந்தது. மினுங்கின தாய்மார் யாரும் பிள்ளை மடுவத்துக்குள் கால் வைக்கக் கூடாது. பிள்ளையைத் தொடக் கூடாது, பால் குடுக்கக் கூடாது.

வீட்டுக்காரி கேட்டாள். “அப்ப வேலைக்குங்க ஐயா?”

“வேலைக்கு வரணும். கொழுந்து முத்திப் போகுது.”

பாருங்கள் அந்தக் கிருமியின் புத்தியை. பிள்ளைக்கு ஒட்டும், பீலிக்கு ஒட்டும், துரைமார் குடிக்கப்போகிற கொழுந்துக்கு மட்டும் ஒட்டாது.

டாக்டர் எங்கள் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார். “தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. பாலிலை கிருமி வராது. மூச்சிலைதான் வரும். வாயைத் துணியாலை கட்டிக்கொண்டு குடுக்கலாம். நான் துரையிட்டைச் சொல்லிப் பாக்கிறன்.”

சொல்லிப் பார்த்தார். துரை கேட்கவில்லை. டாக்டரும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பெரிய பங்களாவில் தங்கி, துரை வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறவர், எப்படி வற்புறுத்துவார்? திருநீறு நெற்றிக்குத்தான் தைரியம் குடுக்கும், நாக்குக்குக் குடுக்காது போலிருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் வீடு இரண்டாகிப் போனது. பிள்ளை என்னோடு காம்பராவுக்குள். வீட்டுக்காரி வெளியே இஸ்தோப்புத் திண்ணையில், சாக்கு விரித்து. பகலில் மலையிலிருந்து இறங்கி வந்து மடுவத்து ஜன்னலுக்கு வெளியே நிற்பாள். உள்ளே ஆயா பிள்ளைக்குப் போத்தல் பால் காட்டுவாள். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்துவாள். தாயின் மணம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடுகிறதாம். அதனால் ஆயா ஜன்னலையும் சாத்தினாள்.

“ஏங்க, பால் கட்டிக்கிட்டு வலிக்குதுங்க” என்பாள் வீட்டுக்காரி. மலைக்குப் போய், யாரும் பார்க்காத இடத்தில், தேயிலைத் தூரில் பாலைப் பீச்சி விடுவாளாம். “எம் பிள்ளைக்கு இல்லாதது தொரையோட தேயிலைக்குப் போகுது. நல்லா செழிக்கட்டும்” என்பாள். பால் வற்றிவிடக் கூடாதே என்றுதான் பீச்சினாள். மறுபடி பிள்ளையைத் தருவார்கள் என்று அவள் ஒருத்தி நம்பிக்கொண்டிருந்தாள்.

நான் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு தூங்க வைத்தேன். தாயில்லாத ஏக்கத்துக்கு என் தோளை விட்டு இறங்கவே மாட்டாள். அவள் காதோரம் நான் இருமுவேன். அந்தச் சத்தத்துக்கு அவள் சிரிப்பாள். அவள் சிரிக்கிறாளே என்று நான் சில நேரம் வேண்டுமென்றே இருமிக் காட்டுவேன். மாரியம்மாளுக்கு மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டு, “தாயே, தாய்க்குப் பிள்ளையைச் சேர்த்து வை. மாவிளக்குப் போடுகிறேன்” என்று வேண்டிக்கொண்டேன்.

வேண்டுதல் பலித்தது. பலித்த விதத்தைத்தான் சொல்கிறேன்.

கொழும்பிலிருந்து கம்பனிப் பெரியவர்கள் பார்க்க வந்தார்கள். படம் பிடிக்கிற ஆளும் மறுபடி வந்தான். அன்றைக்கும் கொஞ்சம் பெண்கள் துப்பினார்கள், மினுங்கியது. பெரியவர்கள் தலையை ஆட்டி ஆட்டிப் பரிதாபப்பட்டார்கள். அப்போது துரைக்கு ஒரு ஆசை வந்தது.

“சனத்துக்குப் பயம் போகணும். நானும் செய்றேன். நல்லா பாருங்க எல்லாரும்.”

போத்தலில் துப்பினார். மதிப்பாகத்தான் துப்பினார். டாக்டர் தகட்டில் விட்டார், செருகினார், மூடினார். காத்திருந்தோம்.

மினுங்கியது.

பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது.

“ஐயோ சாமி, நம்ம லயத்துக் காத்து பங்களா வரைக்கும் போயிருச்சே!”

துரையின் முகம் சிவந்தது. “மெசின் பிழை” என்றார்.

அவ்வளவு லேசாக வந்தது அந்தச் சொல். எங்கள் தாய்மார் எத்தனை பேர், ஒரு பீலி, இத்தனைக்கும் பிழைக்காத மிஷின், ஒரு துரைக்குப் பிழைத்துவிட்டது. அன்றைக்கே டெலிபோன் போட்டார்கள். மறுநாள் காலையில் கொழும்பிலிருந்து ஒரு சிங்களத் தம்பி வந்து இறங்கினான். மிஷின் கழற்றிப் பூட்டுகிறவன். மூடியைத் திறந்தான். மூடியின் அடிப்பக்கத்தை வெள்ளைப் பஞ்சால் துடைத்தான். வெளிச்சம் போகிற கண்ணாடியைத் துடைத்தான். பஞ்சு சிவந்து போனது.

“மே மொகத மஹத்தயா?” என்று கேட்டான். இது என்ன ஐயா என்று.

பூசாரி எட்டிப் பார்த்தார். பார்த்தவுடன் இரண்டு கையையும் கூப்பினார். அது அவருடைய பொட்டு. ஈரச் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் குங்குமம் உதிர்ந்து, தகட்டிலும் கண்ணாடியிலும் படிந்திருந்தது. அந்தச் சாயத்தில் வெளிச்சம் பட்டால் அது மினுங்கும். பெட்டிக்கு மினுக்கம்தான் தெரியும். எது மினுங்குகிறது என்று அதற்குத் தெரியாது. கோழையை விட்டாலும் மினுக்கம், தண்ணீரை விட்டாலும் மினுக்கம், துரையை விட்டாலும் மினுக்கம்.

டாக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “நடுவிலை வையுங்கோ எண்டு நானெல்லோ சொன்னன்” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் செய்த மற்றதையெல்லாம் நான் மன்னித்தேன். வேறு யாரும் அன்றைக்கு ‘நான்’ என்று சொல்லவில்லை.

துடைத்து, கழுவி, வேனில் வந்த புதுத் தண்ணீரை விட்டுப் பார்த்தார்கள். மினுங்கவில்லை. துரைக்குப் பார்த்தார்கள். மினுங்கவில்லை. துரை ஒரு பெரிய மூச்சு விட்டார். “சரி, முடிஞ்சுது. சாமானை ஏத்துங்க” என்றார்.

வேனில் ஏற்றப் போனார்கள். எங்கள் தாய்மாருக்கு? பீலிக்கு? ஒரு பேச்சும் இல்லை. அப்போதுதான் என் வீட்டுக்காரி, நாலு ஆட்களுக்கு முன்னால் முகம் நிமிர்த்திப் பேசாதவள், கூடையை இறக்கிவைத்துவிட்டு வேன் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். மற்றத் தாய்மாரும் அவள் பக்கத்தில் போய் நின்றார்கள்.

“டாக்டரையா, தொரைக்குப் பார்த்த மாதிரி எங்களுக்கும் பார்த்துட்டுப் போங்க. இல்லாட்டி நாங்க எந்த வாயால எங்க பிள்ளைகளுக்கு முத்தம் குடுக்கிறது?”

டாக்டர் துரையைப் பார்க்கவில்லை. இந்தத் தடவை பார்க்கவே இல்லை. “பெட்டியை இறக்குங்கோ” என்றார். “எல்லாருக்கும் பாத்திட்டுத்தான் போறது. ஸ்டோர் ஆக்களுக்கும்.”

எல்லாத் தாய்மாருக்கும் பார்த்தார்கள். ஒருத்திக்கும் மினுங்கவில்லை. என் வீட்டுக்காரி மடுவத்துக்கு ஓடின ஓட்டத்தை நான் சொல்லி முடியாது. ஆயா கதவைத் திறக்கும் முன்பே பிள்ளை கத்தத் தொடங்கிவிட்டாள். பால் வற்றியிருக்கவில்லை. மடுவத்துப் படியிலேயே, மடியில் போட்டு, முந்தானையை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அம்மாள் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். மாவிளக்குக்கு மாவு இடிக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, ஸ்டோர் ஆட்களோடு வரிசையில் போய் நின்றேன். விளையாட்டாகத்தான் நின்றேன். சும்மா ஒரு துப்பு.

மினுங்கியது.

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். “பூசாரி! மறுபடியும் பொட்டு வச்சிட்டீங்களா?” என்று ஒருவன் கத்தினான். “அண்ணே, நீங்க குங்குமத்தத் தின்னுட்டு வந்தீங்களா?” என்றான் இன்னொருவன். நானும் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. சிங்களத் தம்பி மூடியைத் திறந்து மறுபடி துடைத்தான். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. தண்ணீர் விட்டார்கள், மினுங்கவில்லை. எனக்கு முன்னால் நின்றவனுக்கு மறுபடி பார்த்தார்கள், மினுங்கவில்லை. எனக்குப் பார்த்தார்கள்.

மினுங்கியது.

“இன்னொரு தடவ தொடைச்சிப் பாருங்கய்யா” என்றேன். பார்த்தார்கள்.

“தம்பி” என்றார் டாக்டர். “எவ்வளவு காலமா இருமல்?”

“அது ஸ்டோர்த் தூசிங்க.”

“எவ்வளவு காலமா?”

என் நெஞ்சில் போட்டு வளர்த்த பிள்ளையின் காது ஞாபகம் வந்தது. அந்தக் காதில் இருமி இருமிச் சிரிக்க வைத்தேன். வியாதி இல்லாத தாயிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கி, வியாதி உள்ள தகப்பனின் நெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். பெட்டி பொய் சொன்னபோது தோட்டமே நம்பியது. உண்மை சொன்னபோது தோட்டமே சிரித்தது.

வீட்டுக்காரிக்கு யாரோ போய்ச் சொல்லியிருந்தார்கள். பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து, டாக்டருக்கு எட்ட நின்று கேட்டாள். “அது மூச்சுலதான் வரும்னு சொன்னீங்கள்ல?”

“ஓம் தங்கச்சி.”

அவ்வளவுதான் கேட்டாள். என்னைப் பார்த்தாள். பிள்ளையின் முகத்தைத் தன் கழுத்துப் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் என்னையும் வீட்டுக்காரியையும் பிள்ளையையும் தன் வேனிலேயே நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். வழியெல்லாம் நான் முன்னால், வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவிட்டுக் குளிரில் நடுங்கிக்கொண்டு. அவர்கள் பின்னால். அங்கே பெட்டியும் இல்லை, வாய்க்கால் தகடும் இல்லை. பழைய பூதக்கண்ணாடிக் குழாயில் பார்த்தார்கள். நெஞ்சைப் படம் பிடித்தார்கள். பெட்டி சொன்னதையேதான் அவர்களும் சொன்னார்கள். பிள்ளைக்கு ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் ஒட்டாமல் இருக்க மாதக்கணக்கில் மருந்து குடுக்கச் சொன்னார்கள். மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து விட வேண்டும். அவள் துப்புவாள், வீட்டுக்காரி மறுபடி விடுவாள். எனக்கு ஒரு கை நிறைய மாத்திரை, தினமும், நர்ஸ் கண் முன்னால்.

அவர்களுக்குப் பின்னால் நான் வீட்டுக்கு வந்தபோது இஸ்தோப்பில் சாக்கு விரித்திருந்தது. வீட்டுக்காரி வாசலில் பிள்ளையோடு நின்றாள்.

“இப்ப நீங்க கொஞ்ச நாளைக்கு ஜன்னலுக்கு வெளிய நில்லுங்க” என்றாள். கொஞ்சம் சிரித்தாள் என்று நினைக்கிறேன். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்த மாத்திரையெல்லாம் தின்றேன். டாக்டர்மார் இனிப் பயமில்லை என்று சொன்ன பிறகும், என் பிள்ளையை வாங்கக் கை நீட்ட எனக்குப் பல நாள் பிடித்தது. மாவிளக்குப் போட்டேன். மனசாரப் போட்டேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுத வேண்டியதில்லை. பீலியைத் திறந்தார்கள். திறந்த அன்றே அந்தப் பீலியடியில் கதை கிளம்பிவிட்டது. ஒரு கதை இரண்டானது, இரண்டு நாலானது. அம்மாளை மதிக்காத அந்நிய மிஷினை அம்மாள் பார்வையாலேயே உடைத்துப் போட்டாள் என்று ஒரு கதை. குங்குமம் பட்டதால்தான் தாய்மாரின் வியாதி கரைந்து போனது என்று ஒரு கதை. எனக்கு வந்த வியாதி, மிஷின்காரனோடு சேர்ந்து அம்மாளைப் பார்த்துச் சிரித்ததற்குத் தண்டனை என்று ஒரு கதை. கண்டாக்கையா சொல்கிற கதையில் துரைக்கு மினுங்கவே இல்லை. துரை துப்பியதே இல்லை.

அடுத்த வருஷம் அரசாங்க ஆட்கள் சாதாரணச் சோதனைக்கு வந்தபோது ஒருவரும் துப்பவில்லை. “அது தண்ணிக்கே டீபி சொல்ற சாமானுங்க” என்று கையை விரித்தார்கள். பூசாரிக்கு அப்போதே இருமல் முற்றியிருந்தது. நான் போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டேன். “மெசினையே அடிச்சுப் போட்ட தாய் என்னையப் பார்த்துக்க மாட்டாளாப்பா?” என்றார். அவர் அந்தக் கதையை நம்பிவிட்டார். தன் பொட்டுதான் பிழை என்று கையைக் கூப்பி நின்ற மனுசன், சனம் சொல்லச் சொல்ல, அதைத் தாயின் அற்புதம் என்று நம்பிவிட்டார். அவரை நுவரெலியாவுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது காலம் கடந்துவிட்டது. அவர் வைத்த பொட்டை நான் இன்றைக்கும் என் நெற்றியில் உணர்கிறேன். நல்ல மனுசன்.

எங்கள் தாய் மிஷின் உடைக்கிறவள் இல்லை. அவளுக்கு வேறு வேலை இருக்கிறது. குங்குமம் நெற்றியில் இருக்க வேண்டியது. அதைக் கண்ணாடியில் வைத்தால் கண்ணாடி குருடாகும். அதில் தாய்க்கும் பழியில்லை, பெட்டிக்கும் பழியில்லை. மயிருக்குள் கான் வெட்டுகிற புத்தியையும் அவள்தான் குடுத்தாள், பொட்டைத் துடைக்கிற பஞ்சையும் அவள்தான் குடுத்தாள் என்பது என் நம்பிக்கை.

ஆகவே இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பக்கத்துக் காம்பராவுக்கும், அடுத்த தோட்டத்துக்கும், டவுனில் இருக்கிற சொந்தத்துக்கும் இதைச் சொல்லுங்கள். அந்தப் பெட்டி நூலைப் பெருக்கின மாதிரி பெருக்குங்கள். ஒன்றை இரண்டாக்குங்கள், இரண்டை நாலாக்குங்கள், ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள். அற்புதம் சேர்க்க வேண்டாம். குங்குமத்தை எடுத்துவிடவும் வேண்டாம். துரைக்கு மினுங்கியதையும் விட்டுவிட வேண்டாம். எனக்கு மினுங்கியதையும் அப்படியே வைத்துச் சொல்லுங்கள்.